யுவான்யாங் அடுக்கு வயல்கள்: மலையிலிருந்து இறங்கும் தண்ணீரின் கணக்கு

ஜனவரியில் யுவான்யாங் மலைச்சரிவுகளில் ஒரு நெற்பயிர்கூட நிற்பதில்லை. அறுவடை முடிந்து மூன்று மாதம் ஆகியிருக்கும். அடுத்த நடவுக்கு இன்னும் மூன்று மாதமாவது இருக்கும். ஆனாலும் ஆயிரக்கணக்கான வயல்களில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருக்கும். மலைமேல் வானம் துண்டு துண்டாகக் கிடப்பதுபோல இணையத்தில் சுற்றும் படங்கள் எல்லாம் இந்த மாதங்களில் எடுத்தவைதான். பயிரே இல்லாத வயலுக்கு எதற்குத் தண்ணீர்? படம் எடுக்க வருகிறவர்களுக்காக இல்லை. தண்ணீரை வடித்துவிட்டால் வரப்பு நிற்காது என்பதுதான் காரணம்.

தென்மேற்குச் சீனாவின் யுன்னான் மாகாணத்தில், வியட்நாம் எல்லைக்குச் சற்று வடக்கே, ஹொங்ஹே ஆற்றின் தென்கரையில் ஆய்லாவ் மலைத்தொடர் எழுகிறது. யுவான்யாங் மாவட்டம் இங்கேதான் இருக்கிறது. இதே ஆறுதான் வியட்நாமுக்குள் போய் ஹனோய் வழியாகக் கடலில் கலக்கும் செவ்வாறு. இந்த மலைகளில் ஹானி மக்கள் சுமார் 1,300 ஆண்டுகளாக அடுக்கு வயல் வெட்டி நெல் பயிரிடுகிறார்கள். 9ஆம் நூற்றாண்டில், தாங் அரசு காலத்தில், ஃபான் ச்சுவோ என்ற சீன அதிகாரி யுன்னான் மக்களைப் பற்றி எழுதிய நூலிலேயே இங்குள்ளவர்கள் மலை வயல்களை மிக நேர்த்தியாகப் பராமரிப்பதாகக் குறிப்பு இருக்கிறது. 2013இல் யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அறிவிக்கப்பட்ட பரப்பு 16,603 ஹெக்டேர். அதற்குள் 82 கிராமங்கள். பெருஞ்சுவரையும் ஷாங்காயையும் பார்த்துத் திரும்பும் வெளிநாட்டுப் பயணிகளில் இந்தப் பக்கம் வருகிறவர்கள் குறைவு.

இதை இயற்கைக் காட்சி என்று விளம்பரம் செய்கிறார்கள். அது பாதி உண்மைதான். இங்கே இயற்கை கொடுத்தது செங்குத்தான சரிவும் பருவமழையும் மட்டுமே. 15 பாகையிலிருந்து 75 பாகை வரை சாய்ந்த சரிவில், சில இடங்களில் உச்சியிலிருந்து பள்ளத்தாக்கு வரை 3,000 படிகள்வரை வெட்டி, ஒவ்வொன்றிலும் ஆண்டு முழுக்க நீர் நிறுத்தியது மனிதர் வேலை. அந்த வேலை எப்படி நடக்கிறது என்று தெரியாமல் காட்சி மேடையில் மட்டும் நின்று பார்த்தால் பத்து நிமிடத்தில் அலுத்துவிடும்.

மேலே காடு, நடுவே ஊர், கீழே வயல்

எந்த ஹானி மலையைப் பார்த்தாலும் ஒரே வரிசை தெரியும். உச்சியில் காடு. அதற்குக் கீழே 50 முதல் 100 வீடுகள் கொண்ட ஊர். ஊருக்குக் கீழே வயல்கள். எல்லாவற்றுக்கும் அடியில் ஆறு. இந்த வரிசை மாறாது.

அடிவாரத்தில் ஹொங்ஹே பள்ளத்தாக்கு ஒரு வெந்நீர்ப் பானை. கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டருக்கும் குறைவான உயரம். வாழையும் கரும்பும் விளையும் வெக்கை. மாவட்டத்தின் உச்சியோ 2,900 மீட்டரைத் தாண்டும். கீழே ஆவியாகும் ஈரம் சரிவில் ஏறி, குளிர்ந்து, மூடுபனியாகவும் மழையாகவும் காட்டில் இறங்குகிறது. காட்டு மண் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழையில்லாத மாதங்களிலும் ஊற்றுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. மலைமேல் ஏரியும் இல்லை, அணையும் இல்லை. காடுதான் தேக்கம். 2009, 2010 ஆண்டுகளில் யுன்னான் முழுக்கக் கடும் வறட்சி வந்தபோதும் இந்த வயல்களில் பெரும்பகுதி நீரோடு நின்றது இதனால்தான்.

ஆகவே காட்டில் கை வைப்பதற்குக் கட்டுப்பாடு அதிகம். ஒவ்வொரு ஊருக்கும் மேலே ஒரு தெய்வத் தோப்பு உண்டு. அதில் சுள்ளி பொறுக்கவோ மாடு மேய்க்கவோ கூடாது. ஆண்டுத் தொடக்கத்தில் ஆங்மாது என்ற விழாவில் அந்தத் தோப்பின் தெய்வ மரத்துக்குப் பலி கொடுத்துப் பூசை செய்த பிறகுதான் வயல் வேலை தொடங்கும். பக்தியும் பாசனமும் இங்கே ஒரே துறை. 1958இல் ஊருக்கு ஊர் உலை வைத்து இரும்பு உருக்கச் சொன்ன காலத்தில் யுன்னான் மலைகள் பலவற்றில் மரம் அடுப்புக்குப் போனது. ஊற்று வற்றினால் வயலும் போகும் என்ற பாடத்தை அடுத்த தலைமுறை நேரடியாகவே கற்றது.

ஊர் நடுவில் இருப்பதற்கும் காரணம் இருக்கிறது. பள்ளத்தாக்கில் அந்தக் காலத்தில் மலேரியா; உச்சியில் குளிர். இடைப்பட்ட உயரத்தில் இரண்டும் இல்லை. அதைவிட முக்கியம், ஊரின் கழிவு வயலுக்குத் தானாகவே இறங்கும்.

பல் வெட்டிய மரக்கட்டை

யுனெஸ்கோ கணக்குப்படி இந்த மரபுப் பகுதிக்குள் நான்கு தலைவாய்க்கால்களும் 392 கிளைவாய்க்கால்களும் ஓடுகின்றன. மொத்த நீளம் 445.83 கிலோமீட்டர். இவற்றை வெட்டியதும் பராமரிப்பதும் ஊர்ப் பொது. சரி, வாய்க்கால் தண்ணீரை யாருக்கு எவ்வளவு என்று பிரிப்பது எப்படி? உலகத்தில் எங்கு பாசனம் இருக்கிறதோ அங்கெல்லாம் மண்டை உடைவது இந்த இடத்தில்தான்.

ஹானிகள் கண்ட வழி ஒரு மரக்கட்டை. வாய்க்கால் பிரியும் இடத்தில் கெட்டியான ஒரு கட்டையைக் குறுக்கே மட்டமாகப் பதிப்பார்கள். அதன் மேல்விளிம்பில் இரண்டு, மூன்று அல்லது அதற்கு மேல் பற்கள் போல வெட்டு இருக்கும். ஒவ்வொரு வெட்டு வழியாக வழியும் நீர் ஒரு கிளைக்குப் போகும். ஆழம் எல்லா வெட்டுக்கும் ஒன்று, அகலம்தான் வேறு. அகலத்தை விரற்கடையில் அளந்து வெட்டுகிறார்கள். கீழே எவ்வளவு வயல் இருக்கிறது, அந்தக் கிளைக்காரர்கள் வாய்க்கால் வெட்ட எவ்வளவு உழைப்பு கொடுத்தார்கள் என்பதை வைத்து அகலம் முடிவாகும். ஊர்ப் பெரியவர்கள் கூடி ஒப்புக்கொண்ட பிறகே கட்டை பதிக்கப்படும்.

இதன் அழகு ஒன்றுதான்: மழைக்காலத்தில் நீர் பெருகினாலும் கோடையில் சுருங்கினாலும் விகிதம் ஏறக்குறைய மாறாது. "எனக்கு இத்தனை மணி நேரம், உனக்கு இத்தனை மணி நேரம்" என்று முறை வைத்துக் காவல் இருக்கத் தேவையில்லை. இரவிலும் பகலிலும் கட்டை தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

கெடுவதும் உண்டு. ஒரு வெட்டில் இலைச்சருகு அடைத்தால் அந்தக் கிளை காயும், பக்கத்துக் கிளை கொழிக்கும். கட்டை ஒரு பக்கம் இறங்கினால் மட்டம் போய், தாழ்ந்த பக்கம் நீர் கூடுதலாக இழுக்கும். ஆண்டுக்கணக்கில் நீர் ஓடி வெட்டின் அடி தேய்ந்தால் அளவே பொய்யாகிவிடும்; அப்போது கட்டையை மாற்ற வேண்டும். சில இடங்களில் மரத்துக்குப் பதில் கல்லில் வெட்டி வைத்திருப்பது இதற்காகத்தான். இதையெல்லாம் பார்க்க ஊரால் நியமிக்கப்பட்ட ஒருவர் இருக்கிறார். நம் ஏரிப்பாசன ஊர்களில் நீர்க்கட்டி செய்த அதே வேலை. கூலியும் அதேபோல, பயன்பெறும் வீடுகள் அறுவடையில் அளக்கும் நெல். மண்வெட்டியோடு வாய்க்கால் நீளத்துக்கும் நடந்து, வண்டல் வாரி, சரிந்த கரையை அடைத்து, யாராவது கள்ளத்தனமாகக் கல் வைத்திருந்தால் எடுத்துப் போடுவது அவர் பொறுப்பு.

கிளைவாய்க்காலுக்குக் கீழே வாய்க்கால் இல்லை. மேல் வயல் நிரம்பி, வரப்பில் விட்ட சிறு மடை வழியாகக் கீழ் வயலுக்கு வழியும்; அது நிரம்பி அடுத்ததற்கு. மேல் வயல்காரர் தண்ணீரை மறித்தால் கீழே நூறு வயல் காயும். அதனால் மேலே இருப்பவருக்கு உரிமையைவிடக் கடமைதான் அதிகம்.

இந்த நீரோட்டத்திலேயே உரமும் போகிறது. ஊர்ச் சாணமும் சாம்பலும் பொதுக் குழிகளில் ஆண்டு முழுக்கச் சேரும். நடவுக்கு முன் ஒரு நாள் குறித்து, குழிக்குள் வாய்க்கால் நீரைத் திருப்பிக் கலக்கி விடுவார்கள். குழம்பிய கறுப்பு நீர் சரிவில் இறங்கும்போது வீட்டுக்காரர் மண்வெட்டியோடு கூடவே ஓடி, வழியில் உள்ள மற்ற வயல்களின் மடையை அடைத்து, தன் வயலில் கொண்டுபோய்ச் சேர்ப்பார். தலைச்சுமை கிடையாது, மாட்டுவண்டி கிடையாது. மலைச்சரிவில் வண்டி ஓடாது என்பதை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய மிச்சம் என்று புரியும். பருவமழை தொடங்கியதும் காட்டு மட்கு தானாகவே கழுவி இறங்கி இன்னொரு தவணை உரமாகிறது.

ஒரு போகம், பன்னிரண்டு மாத வேலை

இங்கே ஆண்டுக்கு ஒரே போகம். ஏப்ரல், மே மாதங்களில் நடவு. செப்டம்பர், அக்டோபரில் அறுவடை. உயரம் கூடக்கூட அறுவடை தள்ளிப்போகும். நெல் பெரும்பாலும் சிவப்பரிசி தரும் பழைய நாட்டு ரகங்கள். விளைச்சல் ஒட்டுரகத்தைவிடக் குறைவு. ஆனால் குளிர் தாங்கும், ரசாயன உரம் கேட்காது, தாள் உயரமாக வளரும். தாள் உயரம் இவர்களுக்கு முக்கியம். எருமைக்குத் தீனியும் கூரைக்கு வேய்ச்சலும் அதிலிருந்துதான்.

அறுவடையின்போதும் வயலில் சேறு இருக்கும். காய்ந்த களம் எங்கும் கிடையாது. அதனால் படகு போன்ற ஒரு மரத்தொட்டியைச் சேற்றிலேயே இழுத்துக்கொண்டு போய், அறுத்த கதிரை அதன் உள்விளிம்பில் அடித்து நெல்லை உதிர்ப்பார்கள்.

அறுவடை முடிந்த கையோடு தாளை மடக்கி உழுது நீர் நிறுத்துகிறார்கள். எருமை பூட்டி உழுவதும் பரம்படிப்பதும் நடவுக்குள் பல முறை நடக்கும். கூடவே வரப்பு வேலை: வரப்பின் முகத்தைச் செதுக்கி, களையையும் எலி வளையையும் வெட்டி எறிந்து, புதுச்சேற்றை எடுத்து அண்டை பூசுவது. வரப்பு சில இடங்களில் ஆள் உயரத்தைத் தாண்டும். வெறும் மண்தான், சிமென்ட் இல்லை, பெரும்பாலும் கல்லும் இல்லை. ஈரமாக இருக்கும்வரை களிமண் ஒட்டிப்பிடித்து நீரைத் தாங்கும். காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். அடுத்த மழையில் அந்த வெடிப்புக்குள் நீர் புகுந்து உள்ளே அரித்து, வரப்பு கீழ் வயல்மேல் சரியும். அந்த எடையில் கீழ் வரப்பும் போகும். ஒரு வயலைத் தரிசாகக் காயவிடுவது அந்த வீட்டுக்காரரின் சொந்த விஷயம் அல்ல. கீழே உள்ள அத்தனை பேருக்கும் அது ஆபத்து. தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை இதுதான்.

நீர் நிற்பதால் மீனும் விலாங்கும் வாத்தும் கூடுதல் வரும்படி. குளிர்காலத்தில் சில வயல்கள் செக்கச்செவேல் என்று தெரிவது மண்ணின் நிறமல்ல, நீர்மேல் படரும் அசோலா என்ற சிறு பெரணி. குளிர் பட்டால் அது சிவக்கும். காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து வயலுக்குக் கொடுக்கும் அதே அசோலாதான்.

எது கெடுக்கிறது

வெளியிலிருந்து வந்த எதிரிகளில் முக்கியமானது செந்நிற நன்னீர் இறால். அமெரிக்காவைச் சேர்ந்த இனம். சீன நகரங்களில் அதற்கு நல்ல விலை. வளர்க்கலாம் என்று கொண்டுவந்து விட்டதில் வயல்களில் பரவியது. இது வரப்பில் ஆழமாக வளை தோண்டும். இரவோடு இரவாக ஒரு வயல் வடிந்துபோனால் முதலில் தேட வேண்டியது இதன் வளையைத்தான். பிடித்துக் கொடுப்பவர்களுக்குப் பணம் தருவது வரை அரசு போயும் முழுதாக ஒழியவில்லை.

ஆனால் இறாலைவிடப் பெரிய சிக்கல் ஆள் இல்லாமை. இங்கு டிராக்டர் ஏறாது. நீள்வளைவான குறுகல் வயல்கள். சில ஒரு பாய் விரிக்கும் அளவுதான். எல்லாம் கைவேலை, எருமை வேலை. அதே உழைப்பை மாகாணத் தலைநகர் குன்மிங்கிலோ கடற்கரைத் தொழிற்சாலைகளிலோ போட்டால் பல மடங்கு கூலி. இளைஞர்கள் போய்விட்டார்கள், ஊரில் இருப்பவர்கள் முதியவர்களும் குழந்தைகளும்தான். நீர்வயலை மக்காச்சோளத்துக்கோ வாழைக்கோ மாற்றினால் வேலை குறையும். ஆனால் அதற்கு நீரை வடிக்க வேண்டும். வடித்தால் மேலே சொன்ன சங்கிலி தொடங்கிவிடும்.

வீடுகளும் இதே கதை. ஹானி வீட்டை காளான் வீடு என்பார்கள். தடித்த மண்சுவர், மேலே தொப்பி போல வைக்கோல் கூரை. கீழ்த்தளத்தில் மாடும் எருமையும், நடுத்தளத்தில் மனிதர்கள், பரணில் நெல். அடுப்புப் புகை பரணுக்கு ஏறி நெல்லைப் பூச்சியிலிருந்து காக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. உள்ளே இருட்டு, கண் எரிச்சல், மாட்டு வாடை. கான்கிரீட் வீடு கட்ட ஆசைப்படுகிறவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. பல ஊர்களில் கான்கிரீட் சுவருக்கு மண் நிறம் அடித்து, மேலே பெயருக்கு ஒரு கூரை வேய்ந்திருப்பதைப் பார்க்கலாம்.

இதற்குக் கொஞ்சம் யோசித்து விடை தேடிய ஊர் அஜெகெ. அறுபதுக்குச் சற்று அதிகமான வீடுகள். 2018இல் குவாங்சோவில் உள்ள சுன் யாட்-சென் பல்கலைக்கழகத்துச் சுற்றுலாத் துறையினர் இங்கு வந்து ஒரு திட்டம் வகுத்தார்கள். ஊரே ஒரு நிறுவனம். நுழைவுக் கட்டணம் முதலான வருமானத்தில் 30 சதவீதம் நிறுவனத்தின் செலவுக்கும் வளர்ச்சிக்கும், 70 சதவீதம் வீடுகளுக்கு. அந்த 70ஐப் பிரிக்கும் விதத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. அதை நூறாக வைத்துக்கொண்டால், 40 வயலை நீரோடும் நெல்லோடும் வைத்திருப்பதற்கு. 30 பழைய வீட்டை இடிக்காமல் காப்பதற்கு. 20 ஊரிலேயே குடியிருப்பதற்கு. 10 ஊரில் குடும்பப் பதிவு இருப்பதற்கு. வயலை காயவிட்டால் பெரிய பங்கு போய்விடும். வீட்டை வெளியாளுக்கு விடுதி நடத்த விட்டுவிட்டு நகரத்துக்குப் போனாலும் போய்விடும். பயணிகள் பார்க்க வருவது வயலை. பணமோ வழக்கமாக விடுதிக்காரருக்குத்தான் போகும். இந்த ஓட்டையை அடைத்தது என்ற அளவில் இது நல்ல ஏற்பாடு. 82 ஊருக்கும் பொருந்துமா என்றால் சந்தேகம்தான், ஏனெனில் அஜெகெ அளவுக்கு எல்லா ஊருக்கும் பயணிகள் வருவதில்லை.

போகிறவர்களுக்கு

முதல் தவறு பெயரில் நேர்கிறது. யுவான்யாங் என்று பேருந்துச் சீட்டு எடுத்தால் நான்ஷாவில் இறக்கிவிடக்கூடும். அது ஆற்றோரப் பள்ளத்தாக்கில் உள்ள இன்றைய மாவட்டத் தலைநகர். பழைய தலைநகரான சின்ஜியே மலைமேல் இருக்கிறது. மண்சரிவு அச்சத்தால் நிர்வாகத்தைக் கீழே மாற்றினார்கள். நான்ஷாவில் விடுதி பதிவு செய்துவிட்டு, வயல் எங்கே என்று தேடுகிறவர்கள் அதிகம். அங்கிருந்து சின்ஜியேவுக்கு ஏறவே ஏறக்குறைய ஒரு மணி நேரம். வயல் கிராமங்கள் அதற்கும் அப்பால். துவோயிஷு பக்கத்திலோ, அஜெகெ அருகில் உள்ள ஊர்களிலோ தங்குவதே சரி.

காட்சி மேடைகளில் துவோயிஷு கிழக்கு பார்த்தது, சூரிய உதயத்துக்கு. பாதாவும் லாவ்ஹுசுய்யும் மேற்கு பார்த்தவை, மாலைக்கு. நவம்பர் முதல் ஏப்ரல் வரை நீர்; செப்டம்பர் வாக்கில் பொன்னிறக் கதிர்; ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பச்சை, அதோடு மழையும் சரிவுகளும். குளிர்காலத்திலும் மூடுபனி ஒரு நாள் முழுக்க விலகாமல் போகலாம். ஒரே இரவு தங்கி வெள்ளைத் திரையை மட்டும் பார்த்துத் திரும்பியவர்கள் நிறைய உண்டு. குறைந்தது மூன்று இரவு வைத்துக்கொள்ளுங்கள். சீனப் புத்தாண்டு வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். கூட்டமும் விலையும் தாங்காது. பல விடுதிகளில் அறைச் சூடேற்றி கிடையாது, படுக்கையில் மின்சார விரிப்பு மட்டுமே. கனமான உடை வேண்டும். காட்சி மேடைகளுக்கு இணையாக, ஏதாவது ஒரு வாய்க்கால் கரையைப் பிடித்து ஊரிலிருந்து ஊருக்கு நடப்பதற்கு ஒரு பகலை ஒதுக்குங்கள். பல் வெட்டிய கட்டைகளை அப்போதுதான் பார்க்க முடியும். வரப்பின் விளிம்பில் மட்டும் கால் வைக்காதீர்கள். அண்டை புதிதாகப் பூசியிருந்தால் காலோடு அதுவும் பெயர்ந்து வரும்.

சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக்கிலிருந்து குன்மிங்குக்கு நேரடி விமானம் உண்டு. குன்மிங்கிலிருந்து ஒரே மூச்சில் மலை ஏறாமல், ரயிலில் ஜியான்ஷுய் வந்து ஓரிரு நாள் இருந்துவிட்டு மேலே போவது நல்லது. வழியில் இருக்கிறது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. தனியாகவே வரத் தகுந்த ஊர். 1285இல் தொடங்கிய கன்பூசியஸ் கோயில், 1389இல் எழுந்த கிழக்குக் கோட்டை வாயில், ஊருக்கு வெளியே 17 வளைவுகள் கொண்ட இரட்டை நாகப் பாலம். பாலத்தின் மூன்று வளைவுகளை முதலில் கட்டினார்கள். ஆறு அகன்று இன்னொரு ஓடையும் சேர, 1839இல் மற்ற 14 வளைவுகளைச் சேர்த்தார்கள். கெஜியு வெள்ளீயச் சுரங்கங்களை நம்பி எழுந்த பழைய சிறு ரயில் பாதையில் இப்போது சுற்றுலா வண்டி ஓடுகிறது. பாலத்தருகே நின்று துவான்ஷான் என்ற பழைய கிராமம் வரை போகும்.

சைவ உணவுக்காரர்களுக்கும் ஜியான்ஷுய் கை கொடுக்கும். மேற்கு வாயிலுக்கு வெளியே உள்ள பெரிய கிணற்றின் நீரில் செய்யும் சிறு டோஃபு கட்டிகளைக் கரியடுப்பின் வலைமேல் சுடுகிறார்கள். கட்டி உப்பி உருண்டையாகும்போது எடுத்து, மிளகாய்த்தூளிலோ காரச்சாற்றிலோ தோய்த்துச் சாப்பிட வேண்டும். நீங்கள் ஒன்றை எடுக்கும்போதெல்லாம் அடுப்புக்காரர் உங்கள் பக்கத்துக் கிண்ணத்தில் ஒரு மக்காச்சோள மணியைப் போடுவார். எழுந்திருக்கும்போது மணிகளை எண்ணிக் காசு. சாற்றில் இறைச்சியோ மீன் சாறோ கலந்திருக்கலாம் என்பதால், சைவர்கள் உலர்ந்த தூளையே கேட்டு வாங்குவது பாதுகாப்பு.